பதினோராவது கேள்வி

ஜூலை 4

தம்பிக்கு,

நேற்று போனில் நீ சொன்னதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முதலில், "வண்டிக்குள்ள ரெண்டு மூணு எலி போயிருக்கும்போல அண்ணி" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "வயரையெல்லாம் கடிச்சிருக்கு, ஸ்டார்ட் ஆகல" என்றாய். போனை வைக்கும்போது, "மெத்தையையும் தூக்கிப் போடணும்" என்றாய். எட்டு நிமிடப் பேச்சில் இரண்டு மூன்று எலி ஒரு பட்டாளமாகிவிட்டது. இன்னும் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் வண்டியே இல்லை என்று சொல்லியிருப்பாயோ என்னவோ.

ஆகவே இனி போன் வேண்டாம். எழுது. எழுதியதைப் பிறகு யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

உனக்குத் தெரிந்ததையே நினைவூட்டுகிறேன். இந்த வீட்டின் ஒப்பந்தம் செப்டம்பர் 30-ம் தேதி முடிகிறது. வீட்டுக்காரரிடம் காலி செய்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு உன் அண்ணனின் கேரவன்தான் எனக்கு வீடு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள வண்டியில் ஒரு மனுஷி தாராளமாகக் குடியிருக்கலாம். மகன் அவன் வீட்டுக்கு வரச் சொல்கிறான். எனக்கென்று தனி அறையாம். பேத்தியின் கம்ப்யூட்டரும், மருமகளின் தையல் மிஷினும், தேய்க்க வேண்டிய துணிகளும் அதே அறையில்தான் இருக்குமாம். அது தனி அறை என்றால் ரயில் நிலையமும் தனி அறைதான்.

உன் பம்ப் ரிப்பேர் ஷெட்டில் சிமெண்ட் தரையும் இரும்புக் கதவும் இருக்கின்றன என்பதால்தான், அவர் காலமான பிறகு டிசம்பரில் வண்டியை அங்கே நிறுத்தினேன். எலிக்கு அந்த இரும்புக் கதவை யார் திறந்துவிட்டார்கள்?

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இன்றே எழுதிவிட்டேன். எலி, பூச்சிச் சேதத்தை அவர்கள் சாதாரணமாக ஏற்பதில்லை. நான் தனியாகக் கேட்டு அந்தப் பிரிவைச் சேர்த்திருக்கிறேன். அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. வண்டி பூட்டிய கூரையின் கீழ் நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். உள்ளே உணவுப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. மூன்றாவதை நான் செய்தேன். முதல் இரண்டும் உன் பொறுப்பு.

எலியை முதலில் பார்த்தது என்றைக்கு? சாவி யார் யாரிடம் இருந்தது? நான் கொடுத்த குறிப்பு நோட்டு எங்கே? மூன்றுக்கும் பதில் வேண்டும்.

அண்ணி

*

(தேதி இல்லை. தபால் முத்திரையில் ஜூலை 9)

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரி ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். "உங்க அண்ணி லெட்டர். கையைக் கழுவிட்டுப் பிரிங்க, கிரீஸ் பட்டா மார்க்கைக் குறைச்சிடுவாங்க" என்றாள். கழுவிவிட்டுத்தான் பிரித்தேன்.

எலியைப் பார்த்தது ஜூன் 28. வண்டியை ஓட்டிப் பார்த்துத் தயார் செய்யச் சொல்லியிருந்தீர்கள் அல்லவா, அதற்காக, ஊரில் எல்லோரும் ஸ்பானர் என்று அழைக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். சாவியைத் திருகினால் ஒரு முனகல் கூட இல்லை. முன்மூடியைத் தூக்கினால், என்ஜின் மேல் பஞ்சும் காகிதமுமாக ஒரு கூடு. கைப்பிடி அளவு இருந்தது. உள்ளே கண் திறக்காத குட்டிகள். ஸ்பானர் முப்பது வருஷ மெக்கானிக், அவரே இரண்டு அடி பின்னால் போய்விட்டார்.

பிறகு உள்ளே பார்த்தோம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போகும் வயர்களில் மேல் உறையே இல்லை, வெறும் செம்பு பளபளவென்று தெரிகிறது. தண்ணீர் பம்புக்குப் போகும் குழாயில் நான்கு இடத்தில் ஓட்டை. மெத்தையின் நடுவில் குடைந்து வழி போட்டிருக்கின்றன. நாற்றத்தைப் பற்றி எழுதமாட்டேன். "எலிக்கு வயர் மேல ஆசைன்னு இல்ல. பல்லு வளர்ந்துகிட்டே இருக்கும், எதையாவது கடிச்சாகணும்" என்கிறார் ஸ்பானர். அடுப்புக்கு கேஸ் குழாய் நுழைகிற ஓட்டையைச் சுற்றி விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறது. அந்த வழியாக வந்திருக்கும். நான் கதவைத் திறந்து விடவில்லை அண்ணி. எலி கதவைத் தட்டிவிட்டா வரும்?

ஒரு சாவி ஷெட்டில் என் மேசை டிராயரில். இன்னொன்று உங்களிடம். மூன்றாவது கிடையாது.

நோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாதாமாதம் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். எப்படியும் செப்டம்பருக்குள் சரி செய்துவிடலாம்.

உங்கள் கொழுந்தன்

*

ஜூலை 14

தம்பிக்கு,

எங்கள் கான்வென்டில் தேதி போடாத கடிதத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுப்பார்கள். நான் படித்தேன். அது என் தாராளம்.

நோட்டையும் படித்தேன். ஜனவரி 31, "நன்றாக இருக்கிறது." பிப்ரவரி 28, "நன்றாக இருக்கிறது." மார்ச் 31, "நன்றாக இருக்கிறது." மே 31, "நன்றாக இருக்கிறது." நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். ஏப்ரல் 31, "நன்றாக இருக்கிறது."

ஏப்ரல் மாதத்துக்கு முப்பத்தொன்றாம் தேதியை யார் கொடுத்தார்கள்? ஐந்து குறிப்புகளும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. ஐந்தாவதில் மை தீர்ந்து எழுத்து வெளிறியிருக்கிறது. ஒரே நாளில், ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஐந்து மாதம் அந்த வண்டிக்குள் நீ போகவே இல்லை. அல்லது போனாய், ஆனால் எழுத முடியாத எதையோ பார்த்தாய். இரண்டில் எது?

இன்ஷூரன்ஸிலிருந்து கேள்வித்தாள் வந்தது. பதினெட்டுக் கேள்விகள். பதினோராவது கேள்வி: "வண்டி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் அதனுள் உணவுப் பொருள் ஏதேனும் இருந்ததா?" அதற்கு மட்டும், "இல்லை" என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். டிசம்பரில் ஒவ்வொரு அலமாரியையும் நானே காலி செய்து சோப்புத் தண்ணீரால் துடைத்தேன். அது ஒருபுறம் இருக்கட்டும். சர்க்கரை நோயாளி ஒருவரோடு பதினான்கு வருடம் குடும்பம் நடத்தியவள் நான். என் கண்ணுக்குத் தப்பி அந்த வண்டிக்குள் ஒரு கடுகு கூடப் போனதில்லை.

18-ம் தேதி சேதத்தைப் பார்க்க இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருகிறார். அதுவரை எதையும் தொடாதே, துடைக்காதே, நகர்த்தாதே. இருப்பது இருந்தபடி இருக்க வேண்டும்.

அண்ணி

*

ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

தேதி போட்டுவிட்டேன். பாருங்கள், மேலேயே இருக்கிறது.

ஏப்ரல் விஷயம் கைப்பிசகு. வேலை மும்முரத்தில் சேர்த்து எழுதிவிட்டேன். அதற்காக என்னைக் கூண்டில் ஏற்றாதீர்கள். மழைக்கு முன்னால் ஊரிலுள்ள பம்ப் எல்லாம் என் ஷெட்டில்தான் வந்து படுக்கும். உங்களுக்குத் தெரியாததா?

சர்வேயர் வந்தார். ஒல்லியான மனுஷர், முகமூடி, கையுறை, நெற்றியில் விளக்கு. ஆபரேஷனுக்கு வந்த டாக்டர் மாதிரி இருந்தார். முக்கால் மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து பார்த்தார். படுக்கைக்கடியிலிருந்து எதையோ இடுக்கியால் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார். "என்ன சார் அது?" என்றேன். "ரிப்போர்ட்டுல வரும்" என்றார். உங்கள் பதில்களைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே, இந்தம்மா டீச்சரா?" என்று கேட்டார். "டீச்சருங்களுக்கே பாடம் நடத்துவாங்க சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இன்ஷூரன்ஸ் வருமோ வராதோ. அதை நம்பி உட்கார வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பேசாமல் அந்த க்ளெய்மை விட்டுவிட்டால் என்ன? நானும் ஸ்பானரும் ஓய்ந்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வயர் மாற்றிவிடுவோம். தாமதமாகும், அவ்வளவுதான். தாமதமானால் ஒரு மாதம், இரண்டு மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்தால் என்ன குறைந்துபோகிறது?

உங்கள் கொழுந்தன்

*

ஜூலை 27

கொழுந்தனாருக்கு,

சர்வேயரின் ரிப்போர்ட் நேற்று வந்தது. அதிலிருந்து ஒரு வரியை அப்படியே எழுதுகிறேன். "கூட்டிலும் படுக்கைக்குக் கீழேயும் பளபளப்பான தின்பண்ட உறைகளின் துணுக்குகள், இனிப்புப் பிசுக்குடன் காணப்பட்டன." பதினோராவது கேள்விக்கான என் பதில் உண்மைக்கு மாறாக இருப்பதாகத் தெரிகிறதாம். விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என்னிடம்! அறுபத்தொன்பது வயதில் முதன்முறையாக ஒருவர் என்னைப் பொய் சொன்னாயா என்று கேட்டிருக்கிறார், அதுவும் ரிஜிஸ்டர் தபாலில்.

அதே நாள் மாலை உங்கள் ஸ்பானர் போன் செய்தார். புது மெத்தைக்கு நீள அகலம் கேட்பதற்காக. பேச்சுவாக்கில், "உள்ள வேற சாமான் எதுவும் இல்லம்மா. அந்த மூட்டை ரெண்டையும் சர்வேயர் வர்றதுக்கு முந்துன நாளே உங்க கொழுந்தனாரு எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றார். எந்த மூட்டை என்றேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மெத்தை அளவை இரண்டாவது தடவை கேட்டார்.

எதையும் தொடாதே என்று எழுதியிருந்தேன்.

யோசித்துப் பார்த்தேன். டிசம்பரில் உணவு இல்லை, அது நான் கண்ணால் கண்டது. ஜூலையில் தின்பண்ட உறை இருக்கிறது. ஆகவே, நடுவில் யாரோ அந்த வண்டிக்குள் உட்கார்ந்து தின்றிருக்கிறார்கள். சாவி உங்கள் டிராயரில் இருந்தது. யாரைத் தங்கவைத்தீர்கள்? வாடகைக்கு விட்டீர்களா, சிநேகிதத்துக்கு விட்டீர்களா? அந்த மூட்டைகளில் இருந்தது அவர்களுடைய சாமானா, என் கணவருடைய சாமானா?

இன்னொன்று. க்ளெய்மை விட்டுவிடு, மகன் வீட்டில் போய் இரு என்று எழுதியிருக்கிறீர்கள். மகனும் போன வாரம் இதே வார்த்தையைச் சொன்னான். "என்ன குறைஞ்சு போகுது?" என்று அப்படியே கேட்டான். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. எப்போதிலிருந்து? எலிகள் வருவதற்கு முன்பிருந்தா, பின்பிருந்தா?

அண்ணி

*

ஆகஸ்ட் 1

அண்ணிக்கு,

கொழுந்தனாருக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள், உங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நம் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எனக்குப் பத்து வயது. எனக்குத் தலை வாரிவிட்டவர் நீங்கள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் என்னை "நீங்கள்" என்றதில்லை. கடிதத்தை என் வீட்டுக்காரியிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கே வேடிக்கை பேச வரவில்லை.

வண்டியில் யாரையும் தங்கவைக்கவில்லை. வாடகைக்கு விடவில்லை. உங்கள் மகனிடம் நான் பேசியது ஒரே தடவை, அவனாகக் கூப்பிட்டான். வண்டி ஓடுமா என்று கேட்டான், தெரியவில்லை என்றேன். அது சதி என்றால் சதிதான்.

மூட்டையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். குப்பை. அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

என் மேல் நம்பிக்கை இல்லையென்றால் வண்டியை இழுத்துக்கொண்டு போக ஆள் அனுப்புங்கள். ஷெட் கதவைத் திறந்துவைக்கிறேன்.

கொழுந்தன்

*

ஆகஸ்ட் 5

கொழுந்தனாருக்கு,

நான் கேட்டது கேள்வி. உங்கள் கடிதத்தில் இருப்பது கோபம். கோபம் பதில் ஆகாது.

இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கு நேரில் போய்வந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையாகவே பேசினாள். "உங்களுக்குத் தெரியாம வேற யாராவது வண்டிய யூஸ் பண்ணியிருந்தா அது வேற கணக்கும்மா. போலீஸ்ல கம்ப்ளெய்ண்ட் குடுத்து, அந்தக் காப்பியைக் கொண்டாங்க. க்ளெய்ம் பாஸ் ஆகும்" என்றாள். யார் மேல் புகார் என்று கேட்டேன். "சாவி யார்கிட்ட இருந்துச்சோ அவங்க மேலதான்" என்றாள்.

புகாரை எழுதிவிட்டேன். ஒரு பக்கம். அதில் உங்கள் பெயரையும் ஷெட் விலாசத்தையும் குறிப்பிட்டிருக்கிறேன். புகார் கொடுத்தால் வண்டி செப்டம்பருக்குள் ஓடும். கொடுக்காவிட்டால் தையல் மிஷின் பக்கத்தில் எனக்கொரு கட்டில். என் நிலைமை இவ்வளவுதான்.

12-ம் தேதிவரை பொறுத்திருப்பேன். அதற்குள் மூட்டையில் என்ன இருந்தது என்று எழுதினால் அதைப் படிப்பேன். எழுதாவிட்டால் 13-ம் தேதி காலை ஸ்டேஷனுக்குப் போவேன்.

அண்ணி

*

ஆகஸ்ட் 9

அண்ணிக்கு,

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். போலீசுக்குப் பயந்து எழுதவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டுப் பொய்ப் புகார் கொடுத்தீர்கள் என்று பிறகு உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் தாங்கமாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஜனவரி 31 அன்று நான் வண்டிக்குள் போனது உண்மை. நோட்டில் உள்ள ஐந்து தேதிகளில் அந்த ஒன்று மட்டும் நிஜம். வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவைக்க வேண்டும் என்பதால், படுக்கைக்கடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். நான்கு ஸ்க்ரூ. நீங்கள் டிசம்பரில் எல்லா அலமாரியையும் துடைத்தீர்கள், சரி. திருகி மூடிய பலகையை யார் கழற்றித் துடைப்பார்கள்? பேட்டரிக்குப் பக்கத்தில் கை நீளத்துக்கு ஒரு காலி இடம் இருக்கிறது. அதில் கிரீம் பிஸ்கட். சாக்லேட். முந்திரிப் பொட்டலம். டின்பால் காலி டின்கள், கழுவித் துடைத்து அடுக்கியிருந்தன. எல்லாம் அண்ணனுடையது.

சாயங்காலம் சாயங்காலம், "பேட்டரியைப் பாத்துட்டு வர்றேன்" என்று வண்டிக்குள் போவாரே, நினைவிருக்கிறதா? சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் இருக்குமே?

இன்னும் இருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்ததே நான்தான். மாதாமாதம் "பம்ப் ஸ்பேர்" என்று என் ஷெட்டிலிருந்து ஒரு பார்சல் வரும். பல தடவை நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் அண்ணன் மேசையில் வைத்திருக்கிறீர்கள். முதலில் மறுத்தேன். "எனக்கு எழுபத்திரண்டு வயசாச்சுடா. ஒரு பிஸ்கட்டுக்கு உன்கிட்ட கெஞ்சணுமா?" என்றார். அனுப்பினேன். ஆறு வருஷம் அனுப்பினேன்.

ஜனவரியில் அதைப் பார்த்தபோது தூக்கிப் போடக் கை வரவில்லை. ஒரு பாக்கெட்டில் பாதி மிச்சம் இருந்தது. இரண்டு மடிப்பு மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, மேலே பென்சிலால் பிரித்த தேதி எழுதியிருந்தார். உங்கள் சமையலறைச் சட்டம். உங்களுக்குத் தெரியாமல் ஒளித்ததையும் உங்கள் முறைப்படிதான் வைத்திருந்தார். தேதி நவம்பர் 9. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது 12-ம் தேதி.

மூடியைத் திருப்பிப் போட்டுத் திருகினேன். அதற்குப் பிறகு அந்த வண்டிக்குள் நான் கால் வைக்கவில்லை. ஜூலையில் நீங்கள் நோட்டைக் கேட்டீர்கள். உட்கார்ந்து எல்லா மாதத்துக்கும் சேர்த்து எழுதினேன். எலிகளை உள்ளே விட்டது யார் என்று கேட்டீர்கள். நான்தான். கதவைத் திறந்து இல்லை, மூடியை மூடி.

சர்வேயர் வருவதற்கு முதல் நாள், மிச்சம் இருந்ததை இரண்டு மூட்டையாகக் கட்டி எடுத்தேன். இன்ஷூரன்ஸை ஏமாற்ற இல்லை. உங்கள் கண்ணில் படக் கூடாது என்று. மூட்டையை இன்னும் எறியவில்லை. பம்ப் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது.

அண்ணனைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்ற பயம் ஜனவரியிலிருந்து இருக்கிறது. இப்போது எழுதிவிட்டேன். புகாரில் எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொழுந்தன்

*

ஆகஸ்ட் 24

தம்பிக்கு,

உன் கடிதம் 11-ம் தேதி வந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் சொல்லப் போவதில்லை.

முதலில் முடிந்த காரியங்கள். புகாரைக் கிழித்துவிட்டேன். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதன் நகல்:

"பதினோராவது கேள்விக்கு நான் அளித்த பதில் தவறு. வண்டியில் உணவுப் பொருள் இருந்தது. அதை வைத்தவர் காலமான என் கணவர். எனக்குத் தெரியாது என்பதாலும், எனக்குத் தெரியக் கூடாது என்றே வைக்கப்பட்டது என்பதாலும் 'இல்லை' என்று எழுதினேன். திருத்திக்கொள்ளவும்."

நேற்று பதில் வந்தது. க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. "தங்கள் நேர்மைக்கு நன்றி" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அனுப்பும் வரியாக இருக்கலாம். மை புதிதாக இருந்தது.

அவரைக் கொன்றது நீயா என்று டாக்டரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். அவருடைய கிளினிக் வாசல்வரை போனேன். கேட்கவில்லை. ஆமாம் என்று அவர் சொன்னால் உன்னை என்ன செய்வேன்? இல்லை என்று சொன்னால், பதினான்கு வருடம் உன் அண்ணனுக்கு மறுத்த பிஸ்கட்டையெல்லாம் நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? திரும்பி வந்துவிட்டேன். இதற்கு மேல் அந்தப் பேச்சு நம் இருவருக்குள் வேண்டாம்.

பார்சலுக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று படித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் கடிதத்தை மேசை மேல் அறைந்தேன். மேசைக் கண்ணாடி விரிசல் விட்டது. பார்சலில் என்ன இருக்கிறது என்று உன் அண்ணனிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். "வாஷர்" என்றார். அது எத்தனை கிலோ வாஷர் என்று அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும்.

மூட்டைகளை எறியாதே.

இப்போது வண்டி. என்ஜின் வயரிங் இந்த வருடம் முடியாது, அது எனக்கே தெரிகிறது. ஓட வேண்டாம். நின்ற இடத்திலேயே குடியிருக்க முடியுமா? விளக்கு எரியுமா, தண்ணீர் வருமா, கதவு உள்பக்கம் தாழிட முடியுமா, நாற்றம் போய்விட்டதா, கேஸ் குழாய் ஓட்டையை அடைத்தாயிற்றா? எதையும் சமாளித்து எழுதாதே. மகன் அறைக்கு என்ன நிறம் அடிக்கட்டும் என்று கேட்கிறான். அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. அவர் உன்னோடு ஆறு வருடம் ரகசியமாகப் பேசியிருக்கிறார். ஆகவே உனக்குத் தெரிந்திருக்கும். அவர் என்னைக் கண்டு பயந்தாரா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று. எனக்கு ஆறுதல் சொல்லும் பொறுப்பை உன்னிடம் யாரும் ஒப்படைக்கவில்லை.

அண்ணி

*

ஆகஸ்ட் 29

அன்புள்ள அண்ணிக்கு,

வண்டி விஷயம் முதலில். வண்டிக்குள் குடியிருக்கும் பகுதிக்கான வயர்களை நானும் ஸ்பானரும் முழுசாக மாற்றிவிட்டோம். விளக்கு எரிகிறது. ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, ஆனால் சத்தம் போடுகிறது. தண்ணீர்க் குழாய் புதிது. கேஸ் குழாயைச் சுற்றி இரும்பு வலையும் சிமெண்ட்டும் வைத்து அடைத்தாயிற்று. மெத்தை புதிது. கதவுக்கு உள்தாழ் இருக்கிறது, கொஞ்சம் இறுக்கம். நாற்றம் முக்கால்வாசி போய்விட்டது, கால்வாசி இருக்கிறது. காலை எட்டு மணிக்கு மேல் ஷெட்டில் பம்ப் சத்தம் காதைப் பிளக்கும். அதை நிறுத்த முடியாது, என் பிழைப்பு அது. எலி இன்னும் ஒன்று இருக்கிறது என்று ஸ்பானர் சொல்கிறார். நான் பார்க்கவில்லை. பொறி வைத்திருக்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. நாலு தாள் கிழித்துவிட்டேன்.

ஆமாம் அண்ணி.

வண்டிப் படியில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டால் பிஸ்கட்டை மென்று கூடப் பார்க்காமல் முழுங்கிவிடுவார். ஒரு தடவை என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தவர், வாய் நிறைய வைத்துக்கொண்டு, "வர்றாடா, வர்றா" என்று சொல்லிவிட்டு போனைக் கீழே போட்டுவிட்டார். அணைக்கவில்லை. "இருட்டுல என்ன பண்றீங்க?" என்று நீங்கள் கேட்டது எனக்குக் கேட்டது. "பேட்டரி வீக்கா இருக்கு" என்றார். அவர் தொண்டை அடைத்திருந்தது. இருமல் என்று நினைத்து நீங்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

"சிரிச்சுகிட்டேதான் பயந்தார்னு எழுதுங்க, பாவம்" என்று என் வீட்டுக்காரி பக்கத்தில் நின்று சொல்கிறாள். எனக்கு அது தெரியாது. போனில் முகம் தெரியாது. அதனால் எழுதவில்லை.

உங்கள் தம்பி

*

செப்டம்பர் 3

தம்பிக்கு,

29-ம் தேதி காலை பதினோரு மணிக்கு லாரி வரும். ஒன்பது பெட்டி, ஒரு நாற்காலி. பெட்டிகளில் எண் போட்டிருக்கிறேன். ஆறாவது பெட்டியை யாரும் சாய்க்கக் கூடாது. உள்தாழை எண்ணெய் விட்டுத் தளர்த்து. பம்ப் சத்தம் எட்டு மணிக்கு என்றால் எட்டு மணிக்குத்தான், ஏழு ஐம்பதுக்கு அல்ல. உன் மனைவி என் கடிதங்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவர வேண்டிய அவசியம் இனி இல்லை என்று சொல்.

மகனுக்கு நேற்று எழுதிவிட்டேன். அறைக்கு அவர்களுக்குப் பிடித்த நிறத்தை அடித்துக்கொள்ளட்டும்.

உன் கடிதம் ஒரு நாள் முழுக்க மேசை மேல் திறந்தபடியே கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த இரண்டு வார்த்தையைப் படித்தேன். சாப்பிட முடியவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

நீ "இல்லை" என்று எழுதியிருந்தால் நான் மகன் வீட்டுக்குப் போயிருப்பேன். அந்த வீட்டில் நான் எதைக் கேட்டாலும், "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றுதான் சொல்கிறார்கள்.

அண்ணி